ரத்னாவின் வலக்கை

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் சேலை கட்டி வரும் பெண்களில் யார் ரத்னாவிடம் பிளவுஸ் தைத்தவர் என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பின்கழுத்தைப் பார்த்தால் போதும். கீழ்த்தட்டில் இருக்கும் புளிப் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தாலும், அழுகிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாலும், பிளவுஸ் தோள்பட்டையை விட்டு இம்மியும் நகராது. ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் துணியைக் கொடுத்தனுப்பிவிட்டு, தைத்து வருமா, வந்தாலும் உடம்பில் ஏறுமா என்று காத்துக் கிடந்த பெண்களுக்கு, பக்கத்தில் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டின் கராஜில் ரத்னாவின் மெஷின் ஓடத் தொடங்கியது பெரிய விடிவாக இருந்தது. மதுரைக்காரர்கள் வந்தார்கள், யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், ஈப்போவில் பிறந்தவர்கள் வந்தார்கள்.

“இது நான் கலியாணத்துக்குப் போட்டது அக்கா. இதே அளவுக்குத் தையுங்கோ,” என்று ஓர் அம்மா பழைய பிளவுஸை நீட்டினால், ரத்னா அதையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

“உங்களுக்கா, உங்க பொண்ணுக்கா?”

கராஜே சிரிக்கும். கேட்ட அம்மாதான் முதலில் சிரிப்பார்.

தைப்பதில் ரத்னாவுக்குப் பெரிய கர்வம் கிடையாது. வெட்டுவதில்தான் கர்வம். “தையல் யார் வேணும்னாலும் போடலாம். துணியில கத்தரி வைக்கிறதுதான் வேலை,” என்பாள். பட்டுத் துணியைப் பலகையில் விரித்து, சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, கனத்த கத்தரியை உள்ளே விட்டால் கை வளைவு முடியும்வரை நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போகும். அந்த ஓட்டம் அவளுடைய வலக்கையில் இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். இந்த ஊரில் தன்னை நாலு பேர் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள் என்றால் அது இந்தக் கையால்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது மார்பில் கட்டி வந்தது. ஆப்பரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று ஒரு சுற்று முடிந்து, “எல்லாம் சுத்தமாக இருக்கிறது” என்று டாக்டர் சொன்ன அன்று, கணவர் வரதராஜன் ஆஸ்பத்திரி வாசலிலேயே தேங்காய் உடைக்கப் பார்த்தார். மகள் தாரிணிதான், “அப்பா, நோ! செக்யூரிட்டி வருவாங்க!” என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்னா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். சில மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒருநாள், கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் போகவில்லை.

முதலில் குளிர் என்று நினைத்தாள். அப்புறம் உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்தாள். ஆனால் இடது கை அப்படியேதான் இருந்தது. வலக்கை மட்டும், நனைந்த கம்பளியைச் சுற்றியது போல, தோளிலிருந்து கனத்துத் தொங்கியது. புறங்கையில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது மேலே வர நேரம் எடுத்தது. வெட்டாத துணிகள் கராஜில் பை பையாகச் சேர்ந்தன. “என் நாத்தனார் கல்யாணம் வருதே அக்கா” என்ற குரலைக் கேட்கப் பயந்து போனை அணைத்து வைத்தாள்.

வரதராஜன் அடிப்படையில் டீசல் மெக்கானிக். அந்த வேலையில்தான் குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்தார். இப்போது பஸ் ஓட்டுகிறார். இறுகிப்போன எதற்கும் அவரிடம் இரண்டு மருந்து உண்டு: எண்ணெய், பலம். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, மனைவியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து தோள்வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். முடிந்ததும் வெந்நீர் ஒத்தடம். அவர் நெற்றியில் வியர்வை வழியும். ரத்னா பல்லைக் கடித்துக்கொண்டு, “இப்போ பரவாயில்லைங்க” என்பாள். சில வாரத்தில் முழங்கை எலும்பு எது என்றே தெரியாமல் போயிற்று.

மறு பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் கையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை ஆப்பரேஷனில் எடுத்துவிட்டார்கள். அதனால் நீர் வடிய வழியில்லாமல் கையில் தேங்குகிறது. இதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மசாஜ் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். சூடும் வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம் என்றார். தமிழ் பேசுகிற ஒருத்தி மவுண்ட் ஆல்பர்ட்டில் இருப்பதாகவும் சொன்னார்.

“மசாஜா?” என்றாள் ரத்னா வீட்டுக்கு வந்ததும். “யாரோ ஒருத்தி முன்னால சட்டையைக் கழட்டிட்டுப் படுக்கணுமா?”

ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் கண்ணாடி முன்னால்கூட உடை மாற்றியதில்லை. வரதராஜன் அந்தத் தழும்பைப் பார்த்ததே இல்லை. அவர் கேட்டதும் இல்லை, அவள் காட்டியதும் இல்லை.

“கத்தரி பிடிக்கணுமா, வேணாமா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

லோஜனாவின் அறை, ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பழைய மரவீடு ஒன்றின் முன்பகுதியில் இருந்தது. நடந்தால் பலகைத் தரை முனகும். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. ஆக்லாந்திலேயே பிறந்தவள், பேச்சில் மட்டும் பெற்றோரின் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது.

“அன்ரி, உங்களுக்கு எது வசதியோ அதை மட்டும் கழட்டுங்கோ. மிச்சத்தை நான் துவாயால மூடி விடுவன். எந்த இடத்தில கை வைக்க முதலும் சொல்லிப்போட்டுத்தான் வைப்பன். வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லோணும். சரியே?”

ரத்னா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்தாள். அழுத்தத்துக்காகக் காத்திருந்தாள். அழுத்தமே வரவில்லை. கழுத்துக் குழியில் இரண்டு விரல்கள் தோலை லேசாக ஓரமாய் நகர்த்தி, விட்டன. மறுபடி நகர்த்தி, விட்டன. அப்புறம் இடது அக்குள் பக்கம். வீங்கிய கைக்கு அவள் இன்னும் வரவே இல்லை. வந்தபோதும், தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை எடுப்பது போலத்தான் தொட்டாள்.

‘இதென்ன, தடவிக் கொடுக்கிறாளே! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று நினைத்தது ரத்னாவுக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நடந்தது நினைவில்லை. தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது லோஜனா சன்னலோரம் நின்று சிரித்தாள். “அன்ரி, நல்லாக் குறட்டை விட்டனீங்கள்.”

“நானா? ஐயையோ!” என்றவளுக்குச் சட்டென்று கண் கலங்கியது. ஆப்பரேஷனுக்கு அப்புறம் அவளைத் தொட்ட கையெல்லாம் ஊசி போட வந்தது, ரத்தம் எடுக்க வந்தது, அளவு பார்க்க வந்தது; கணவரின் கைகூட அழுத்தித் தேய்க்க வந்தது. ஒன்றும் எடுக்காமல், ஒன்றும் குத்தாமல் ஒரு கை தன் உடம்பில் இருந்து எவ்வளவு நாளாயிற்று! அன்று இரவு, வெகு நாளைக்குப் பிறகு, முழுத் தூக்கம் தூங்கினாள்.

வாரா வாரம் போனாள். கை லேசாகத்தான் இருந்தது, ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே வீக்கம் அசையவில்லை. காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இடத்தில்தான் இருந்தது. அவளுடைய கல்யாணத்துக்குப் போட்டு, வலக்கையில் கிடந்த இரண்டு தங்க வளையல்கள். ஆப்பரேஷனுக்காகக் கழற்றியபோதே அவளுக்கு மனசு சரியில்லை. வெறுங்கையோடு இருக்கக்கூடாது என்று இடது கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டுதான் உள்ளே போனாள். வீட்டுக்கு வந்த அன்றே வளையல்களை மாட்டிக்கொண்டாள். இப்போது சோப்புப் போட்டாலும் கழறவில்லை. சதை இரண்டு பக்கமும் மேடு கட்டி நின்றது.

“அன்ரி, இந்தக் காப்பை வெட்டி எடுக்கத்தான் வேணும். இது இருக்கும்வரைக்கும் நான் பாண்டேஜும் சுத்த ஏலாது. தண்ணி மேல ஏற விடாமல் இது வழியில நிக்குது.”

தாலியைத் தாங்கிய உடம்பில் வளையலை வெட்டுவதா? அதுவும் இரும்பை வைத்து? அதை இந்த ஊரில் பிறந்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்லக்கூடிய ஒரு காரணம் கைவசம் இருந்தது.

“வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்மா.”

“நான் அங்கிளோட கதைச்சுப் பாக்கட்டே?”

“வேணாம் வேணாம். அவர் பயங்கரக் கோபக்காரர்.”

வரதராஜன் அந்த நேரம் வெளியே காரில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பூனைக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்.

குடும்ப விஷயம் என்று லோஜனா அவரிடம் நேரே பேசப் போகவில்லை. எடுத்துச் சொல்லுங்கோ அன்ரி, சொல்லுங்கோ என்று வாரம் தவறாமல் கெஞ்சினாள். கையில் சின்னக் கீறல், பூச்சிக்கடி எது வந்தாலும் கவனமாக இருக்கச் சொன்னாள். சிவந்தாலோ சுட்டாலோ தன்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். ரத்னா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வளையல் உரசி மணிக்கட்டில் தோல் வழன்றிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இட்லித் தட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே போட்டாள். உடம்பு தூக்கிப் போட்டது. வலக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை செக்கச்செவேல் என்று கொதித்தது. வரதராஜன் லுங்கியோடு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். கிருமி புகுந்திருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள், கை பிழைத்துவிடும், ஆனால் வளையல்கள் இப்போதே போக வேண்டும் என்றார் டாக்டர். சாமோவா நாட்டு நர்ஸம்மா ஒருவர் சின்ன வெட்டுக்கருவியோடு வந்தார். ரத்னா காய்ச்சல் நடுக்கத்திலும் கையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“நோ, நோ. ப்ளீஸ்.”

மறுநாள் மசாஜுக்கு வர முடியாது என்று சொல்ல, வரதராஜன் அப்போதுதான் லோஜனாவுக்குப் போன் போட்டிருந்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

“கடவுளே! இந்த நிலைமையில மசாஜே கூடாது அங்கிள், நீங்கள் போனது நல்லது,” என்ற குரல் கொஞ்சம் தயங்கியது. “அங்கிள், என்னோட கோவிக்காதேங்கோ. அந்தக் காப்பை இனியாவது வெட்ட விடுங்கோ.”

“நான் விடணுமா? நான் எப்பம்மா தடுத்தேன்?”

“நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீங்கள், சரியான கோபக்காரர் எண்டு அன்ரி...”

வரதராஜன் திரும்பி மனைவியைப் பார்த்தார். ரத்னா கூரையைப் பார்த்தாள்.

“நான் கோபக்காரனாமே?”

“என்னங்க...”

“முப்பது வருஷமா நீ அரைச்சு வச்ச சட்னியில உப்பில்லைன்னு ஒரு தடவை சொல்லியிருப்பேனா நான்?”

“அது இல்லைங்க. வளையலை வெட்டினா... உங்களுக்கு ஏதாச்சும்...” அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் மனைவியின் கையைப் பிடித்தவர் இல்லை, அன்று பிடித்தார். இடது கையைத்தான். வலது கையைத் தொடப் பயம்.

“எனக்காகத்தானே போட்டிருக்கே? நான் குத்துக்கல்லாட்டம் உன் முன்னாலதான் இருக்கேன். நானே சொல்றேன், வெட்டச் சொல்லு. வளையல் இல்லாத கையை நான் பார்த்துக்குவேன். கை இல்லாத உன்னை வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவேன்?”

நர்ஸம்மாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் எல்லாம் புரிந்தவர் போல, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு வளையலுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து, சின்னச் சக்கரத்தைத் திருகினார். வெட்டிய துண்டுகளைச் சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கும் புது டப்பாவில் போட்டு, மூடி திருகி, பவ்யமாக வரதராஜனிடம் நீட்டினார்.

“தங்கம் கடைசியில எதுல வந்து சேர்ந்திருக்கு பாரு,” என்றார் அவர். ரத்னா காய்ச்சலோடு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுதாள்.

புண் ஆறி, டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகுதான் லோஜனா மறுபடி தொட்டாள். “நான் நேரா அங்கிளிட்டயே கேட்டிருக்கோணும்,” என்று வருத்தப்பட்டாள். “போம்மா, பொய் சொன்னது நான்,” என்றாள் ரத்னா. இந்த முறை லோஜனா விரல்களிலிருந்து தோள்வரை அடுக்கடுக்காக பாண்டேஜ் சுற்றினாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: வாரம் ஒரு தடவை தன் கை போதாது, வீட்டில் தினமும் செய்ய வேண்டும், ரத்னா தன் கைக்குத் தானே செய்யலாம், ஆனால் முதுகுப் பக்கம் எட்டாது.

“அங்கிளைக் கூப்பிடட்டே?”

ரத்னா துவாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “கூப்பிடும்மா,” என்றாள்.

வரதராஜன் பரீட்சைக்கு வந்தவர் போல வந்து நின்றார். லோஜனா முதலில் தன் முன்கையை நீட்டிச் செய்து பார்க்கச் சொன்னாள். அவர் பிடித்த பிடியில் அவள் புருவம் மேலே போயிற்று.

“அங்கிள், இது டயர் இல்லை.”

“அழுத்தலேன்னா எப்படிம்மா தண்ணி நகரும்?”

“தண்ணி தோலுக்குக் கீழதான் நிக்குது. அந்தக் குழாய்கள் சிலந்தி வலை மாதிரி. அழுத்தினா நசிஞ்சு போகும். தோலைக் கொஞ்சமா இழுத்து விட்டாத்தான் திறக்கும்.”

“சரி. வீக்கம் கையில இருக்கு. நீ எதுக்குக் கழுத்துலயும் இடது அக்குள்லயும் ஆரம்பிக்கிறே?”

லோஜனா யோசித்தாள். “மோட்டார்வேயை மூடிப்போட்டாங்கள் எண்டு வையுங்கோ. உங்கட பஸ்ஸை எதால விடுவீங்கள்?”

“சான்ட்ரிங்ஹாம் ரோட்டுல.”

“அங்க ஏற்கனவே கார் நெரிசலா நிண்டா?”

“முதல்ல அதைக் கிளியர் பண்ணாம பஸ்ஸை விட்டா எல்லாம் சேர்ந்து நிக்கும்மா...” வரதராஜன் வாய் திறந்தபடி நின்றார். “அட! அதுக்குத்தான் முதல்ல கழுத்து, இடது அக்குளா?”

“ஓம். வலது அக்குள் மோட்டார்வே திரும்பத் திறக்காது அங்கிள். இந்தக் கையை அன்ரி வாழ்நாள் முழுக்கப் பாத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனா மாத்துப் பாதை நல்லா ஓடினா, கை வேலை செய்யும்.”

மறுநாள் விடிந்ததும், படுக்கையறைத் திரையை விலக்கிவிட்டு, ரத்னா தானே மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். வெளிச்சம் நேரே தழும்பின் மேல் விழுந்தது. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் ஏதோ சரசரவென்று சத்தம். வரதராஜன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

“சில்லுன்னு இருக்குமேன்னு பார்த்தேன்,” என்றார்.

தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துக் குழியில் இரண்டு விரலை வைத்தார். என்ஜின் நட்டும் போல்ட்டும் முறுக்கிக் காய்த்துப்போன விரல்கள். அவை இவ்வளவு மெதுவாகத் தொடக்கூடியவை என்று ரத்னாவுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

கை சட்டென்று ஒன்றும் இளைத்துவிடவில்லை. சில வாரம் வற்றும், வெயில் ஏறிய நாளில் மறுபடி கனக்கும். ஆனால் முழங்கை எலும்பு தெரிய ஆரம்பித்தது. தோளைத் தூக்கித் தலை வார முடிந்தது. பாண்டேஜ் போய், தோள்வரை ஏறும் இறுக்கமான கையுறை வந்தது. ஒரு நாள் கட்டைவிரல் கத்தரிக்குள் போயிற்று. வீட்டில் யாரும் இல்லாத நேரம். பழைய பருத்தித் துணி ஒன்றை விரித்து வெட்டினாள். ஓட்டம் நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, சுவாமி படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். சாமிக்கு ஒரு கும்பிடு, டாக்டருக்கும் அந்த நர்ஸம்மாவுக்கும் ஒன்று, லோஜனாவுக்கு ஒன்று. கணவருக்குத் தனியாகக் கும்பிடு போட்டால் கேலி செய்வார் என்று அன்றைக்கு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள்.

இப்போது அவள் முன்போல ஆர்டர் எடுப்பதில்லை. அவசரக் கல்யாணம் என்று யார் வந்தாலும், “ஆறு வாரம் ஆகும். ஒத்துக்கிட்டா துணியை வச்சுட்டுப் போங்க,” என்கிறாள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சென்ற மாதம் இராசமலர் என்று ஓர் அம்மா வந்தார். சான்ட்ரிங்ஹாமில் இருப்பவர். லோஜனாவிடம் சிகிச்சை எடுக்கிறாராம், அவள்தான் அனுப்பினாளாம். ஆப்பரேஷனுக்குப் பிறகு சேலை கட்டுவதையே விட்டுவிட்டேன் என்றார். எந்த பிளவுஸும் ஒரு பக்கம் தொங்குகிறது, கையும் ஏறவில்லை.

ரத்னா இஞ்ச் டேப்பை எடுத்தாள். “முன்னால கொக்கி வச்சுடறேன், கையைத் தூக்காமலே போட்டுக்கலாம். உள்ள மெத்துனு ஒரு பை தைக்கிறேன், இந்தப் பக்கம் சரிக்குச் சரியா நிக்கும். கை மட்டும் ஒரு இஞ்ச் தாராளமா, கையுறை போட்டாலும் பிடிக்காது.” பேசிக்கொண்டே அளந்தாள். “வீட்டுல தினமும் மசாஜ் யார் பண்ணிவிடறாங்க?”

“ஆர் செய்யுறது? இவரைக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு.”

“அவர் எங்க?”

“வெளியில, காருக்குள்ள.”

“என்னங்க!” என்று ரத்னா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “கொஞ்சம் வெளிய போய் அந்த சாரைக் கூட்டிட்டு வாங்க.”

வரதராஜன் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். ஆனந்தராசா என்ற அந்தப் பெரியவர் சங்கடத்தோடு கராஜுக்குள் வந்து, துணிப் பைகளுக்கு நடுவே போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“முறையா லோஜனாகிட்டதான் கத்துக்கணும் சார். நான் சும்மா பயம் போக்கறேன், அவ்வளவுதான்,” என்று வரதராஜன் தன் முன்கையை நீட்டினார். “எங்க, என் கையில பண்ணுங்க பார்ப்போம்.”

ஆனந்தராசா மனைவியைப் பார்த்தார். இராசமலர் டேப்பின் நுனியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வரதராஜனின் கையில் விரலை வைத்தார்.

“இப்பிடியோ?”

“இன்னும் மெதுவா சார்.”

“இதவிட மெல்லமா எப்பிடி ஐயா தொடுறது?”

“எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்துச்சு. முடியும் சார். இன்னும் மெதுவா.”

ரத்னா சிரித்துக்கொண்டே துணியை விரித்தாள். கத்தரியை எடுத்து, வலக்கையால் வெட்டத் தொடங்கினாள்.